பழியை விட்டுக்கொடுப்பது: கிறிஸ்தவ மன்னிப்பு பற்றி ஓர் எளிய விளக்கம்

வேதாகமத்தின் நான்காவது அதிகாரத்திலேயே ஒரு பழிவாங்கும் பாட்டு வந்துவிடுகிறது. பாடுகிறவன் லாமேக்கு, தன் தம்பியைக் கொன்ற காயீனின் வம்சத்தில் வந்தவன். தன்னைக் காயப்படுத்திய ஒரு வாலிபனைக் கொன்றுவிட்டதாகத் தன் இரண்டு மனைவிகளிடமும் பெருமையாகச் சொல்கிறான். காயீனுக்காக ஏழு பழி என்றால் எனக்காக எழுபத்தேழு பழி என்கிறான். ஒரு காயத்துக்கு ஓர் உயிரை எடுத்தும் அவனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

இந்தப் பாட்டை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால் மோசேயின் சட்டத்தில் வரும் ‘கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல்’ வேறு மாதிரித் தெரியும். இன்று அதைக் கொடூரத்துக்கு உதாரணமாகச் சொல்கிறோம். அது எழுதப்பட்ட காலத்தில் அது ஒரு கடிவாளம். உன் கண் போயிருந்தால் நீ கேட்கக்கூடியது அதிகபட்சம் ஒரு கண்தான். அவன் உயிரையோ அவன் குடும்பத்தையோ கேட்க முடியாது. அதையும் நீயே போய் எடுத்துவிடக் கூடாது, நியாயாதிபதிகள் விசாரித்துச் சொல்ல வேண்டும்.

அப்புறம், பல நூற்றாண்டுகள் கழித்து, சீடரான பேதுரு இயேசுவிடம் வந்து ஒரு கேள்வி கேட்கிறார். என் சகோதரன் எனக்குக் குற்றம் செய்துகொண்டே இருந்தால் எத்தனை தரம் மன்னிக்க வேண்டும், ஏழு தரமா? ஏழு என்பதே தாராளம் என்றுதான் அவர் நினைத்திருப்பார். இயேசுவின் பதில்: “ஏழுதரமாத்திரம் அல்ல, ஏழெழுபதுதரமட்டும்.” 490 வரை எண்ணிவிட்டு 491-வது முறை அடிக்கலாம் என்று யாரும் இதைப் புரிந்துகொள்வதில்லை. லாமேக்கின் பாட்டுக்குத்தான் இயேசு இங்கே பதில் சொல்கிறார் என்று நான் வாசிக்கிறேன். அவன் பழிக்குக் கணக்கே இல்லாமல் செய்தான். இவர் மன்னிப்புக்குக் கணக்கே இல்லாமல் செய்கிறார்.

இரண்டு கடன்கள்

அந்தப் பதிலைச் சொன்ன கையோடு இயேசு ஒரு கதையும் சொல்கிறார் (மத்தேயு 18). கிறிஸ்தவ மன்னிப்பு என்றால் என்ன என்று புதிதாகக் கேட்பவர்களுக்கு இந்த ஒரு கதை போதும் என்று நினைக்கிறேன்.

ஒரு ராஜா தன் ஊழியக்காரர்களிடம் கணக்குக் கேட்கிறார். ஒருவன் 10,000 தாலந்து கடன்பட்டிருக்கிறான். இந்தத் தொகையைச் சும்மா படித்துத் தாண்டிவிடக் கூடாது. அந்தக் காலத்தில் கூலியாளின் ஒரு நாள் சம்பளம் ஒரு வெள்ளிப்பணம். ஒரு தாலந்து என்பது ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். அப்படியானால் இவனுடைய கடன் 6 கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் உழைத்தாலும் அடைக்க 2 லட்சம் ஆண்டுகள் ஆகும். இயேசுவின் காலத்தில் கலிலேயாவையும் பெரேயாவையும் ஆண்ட ஏரோது அந்திப்பாவுக்கு அங்கிருந்து கிடைத்த ஆண்டு வருமானமே 200 தாலந்துதான் என்று அந்த நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். ஓர் ஆட்சிப்பகுதியின் 50 ஆண்டு வரி ஒரே மனிதனின் தலையில் இருக்கிறது! “பொறுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்” என்று அவன் காலில் விழுகிறான். அது நடக்காது என்று ராஜாவுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ராஜா தவணை கொடுக்கவில்லை. மொத்தத்தையும் தள்ளுபடி செய்துவிடுகிறார்.

வெளியே வந்த அதே ஆள், தனக்கு 100 வெள்ளிப்பணம் தர வேண்டிய சக ஊழியனைப் பார்த்ததும் அவன் தொண்டையைப் பிடிக்கிறான். 100 வெள்ளிப்பணம் சின்னத் தொகை இல்லை; மூன்று நான்கு மாத உழைப்பு. அடுத்தவர் நமக்குச் செய்த தீங்கு அற்பமானது என்று இயேசு சொல்லவில்லை என்பதற்காகத்தான் இதைக் குறிப்பிடுகிறேன். கடன் இருந்தது, அது உண்மையான கடன். ஆனால் தொண்டையைப் பிடித்த அந்தக் கைகள், சற்று முன்தான் ஆறு லட்சம் மடங்கு பெரிய கடனிலிருந்து விடுபட்ட கைகள்.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். ராஜாவின் தள்ளுபடி முதலில் வருகிறது. சக ஊழியனைச் சந்திப்பது அதற்குப் பின்னால்தான். கிறிஸ்தவர் மன்னிப்பது தான் நல்லவர் என்பதால் இல்லை, தன் கடன் ஏற்கெனவே மன்னிக்கப்பட்டது என்று நம்புவதால். கர்த்தருடைய ஜெபத்தில் “எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்” என்ற வரி தினமும் இந்த இரண்டு கடன்களையும் ஒன்றாக வைத்தே பேசுகிறது. கதையின் முடிவில் அந்த ஊழியக்காரன் தண்டிக்கப்படுகிறான், அது கடுமையான முடிவுதான். அதை மழுப்ப எனக்கு மனமில்லை. தான் பெற்ற இரக்கத்தைத் தன்னோடு நிறுத்திக்கொள்கிறவன் அதை உண்மையில் வாங்கிக்கொள்ளவே இல்லை என்பது அதன் பொருள்.

இன்னொன்றும் இந்தக் கதையில் ஒளிந்திருக்கிறது. தள்ளுபடி செய்த அந்த 10,000 தாலந்து எங்கே போயிற்று? காற்றில் கரைந்துவிடவில்லை. ராஜாவின் கஜானாவில் அந்த ஓட்டை விழுந்தது. ஒரு கடனை மன்னித்தால் அந்த நஷ்டத்தை மன்னித்தவர் ஏற்கிறார். மன்னிப்பு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பதற்கு இதுதான் காரணம். எதிராளி கொடுக்க வேண்டிய விலையை நாம் சுமக்கிறோம், அதுவும் தெரிந்தே. சிலுவையைப் பற்றிக் கிறிஸ்தவர்கள் சொல்வதும் இதையேதான்: தேவன் மனிதரின் பாவத்தைக் கண்டும் காணாததுபோல் விட்டுவிடவில்லை, அதன் விலையைத் தாமே ஏற்றார். அப்போஸ்தலரான பவுல் கொலோசெ பட்டணத்துச் சபைக்கு எழுதும்போது, நமக்கு எதிராக இருந்த கடன் கையெழுத்தைக் கிறிஸ்து சிலுவையில் ஆணியடித்துவிட்டார் என்று எழுதுகிறார்.

மன்னிப்பு என்ற பெயரில் சொல்லப்படும் சில தவறுகள்

மன்னிப்பது என்றால் ‘பரவாயில்லை’ என்று சொல்வது என்று பலர் நினைக்கிறார்கள். பரவாயில்லை என்றால் அங்கே மன்னிக்க ஒன்றுமே இல்லை. யோசேப்பைச் சகோதரர்கள் இருபது வெள்ளிக்காசுக்கு விற்றார்கள். பல ஆண்டுகள் கழித்து, எகிப்தில் அதிகாரத்தில் இருக்கும்போது அவர்கள் அவருடைய கையில் சிக்குகிறார்கள். “நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்” என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்கிறார். அதைத் தேவன் நன்மையாக மாற்றினார் என்று சொல்வது அதற்குப் பிறகுதான். தீமையைத் தீமை என்று பெயர் சொல்லி அழைத்த பிறகுதான் அவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் பராமரிப்பதாக வாக்குக் கொடுக்கிறார். அதற்கு முன்பு, அவர்கள் மாறியிருக்கிறார்களா என்று நீண்ட சோதனையும் வைத்திருந்தார். முதல் சந்திப்பிலேயே கட்டிப்பிடித்துவிடவில்லை.

இங்கே ஒரு வேறுபாடு முக்கியம். மன்னிக்க ஒருவர் போதும். ஒப்புரவாவதற்கு இரண்டு பேர் வேண்டும். நான் என் மனதில் பழியை விட்டுவிடலாம். ஆனால் உடைந்த உறவு திரும்பக் கூடிவர, தவறு செய்தவர் மனந்திரும்ப வேண்டும், நம்பிக்கையை மீண்டும் சம்பாதிக்க வேண்டும். “உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால், அவனைக் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால், அவனுக்கு மன்னிப்பாயாக” என்று லூக்கா 17-ல் இயேசு சொல்கிறார். கடிந்துகொள்வதும் அன்பின் வேலைதான்.

அதனால் இதை வெளிப்படையாகவே சொல்கிறேன்: அடிக்கிற கணவனிடம் ஒரு பெண்ணை ‘மன்னித்துவிட்டுத் திரும்பிப் போ’ என்று அனுப்பி வைப்பது கிறிஸ்தவ ஆலோசனை இல்லை. சிறுபிள்ளைக்குத் தீங்கு செய்தவரை ‘சபைக்குக் கெட்ட பெயர் வரும்’ என்று மூடி மறைப்பது மன்னிப்பு இல்லை, அது இரண்டாவது குற்றம். மன்னிக்கிறவருக்குப் பாதுகாப்பான தூரத்தில் இருக்க உரிமை உண்டு. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கவும் உரிமை உண்டு.

மறு கன்னத்தைக் காட்டுவது? இயேசுவையே ஒருவன் அறைந்த சம்பவம் யோவான் 18-ல் இருக்கிறது. பிரதான ஆசாரியன் முன்னால் விசாரணை நடக்கும்போது ஒரு சேவகன் அறைகிறான். இயேசு திருப்பி அடிக்கவில்லை, பேசாமலும் இருக்கவில்லை. நான் தவறாகப் பேசியிருந்தால் அதை நிரூபி, சரியாகப் பேசியிருந்தால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்கிறார். பவுலும் பிலிப்பி பட்டணத்தில் விசாரணையில்லாமல் அடிக்கப்பட்டுச் சிறையில் போடப்பட்டார். மறுநாள் ‘சத்தமில்லாமல் போய்விடுங்கள்’ என்று அதிகாரிகள் சொல்லியனுப்பியபோது அவர் போக மறுத்தார். ரோமக் குடிமகனை வெளியரங்கமாக அடித்தவர்கள் தாங்களே வந்து எங்களை வெளியே கூட்டிக்கொண்டு போகட்டும் என்றார். தன்னை இழிவுபடுத்தியவர்களை அவர் சபிக்கவில்லை, அநியாயத்தை மறைக்க உதவவும் இல்லை.

நீதிமன்றத்துக்கும் மன்னிப்புக்கும் உள்ள உறவுக்கு நன்கு தெரிந்த உதாரணம் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால். 1981 மே 13 அன்று புனித பேதுரு சதுக்கத்தில் அவர் சுடப்பட்டார். மருத்துவமனையில் இருந்தபடியே, நான்கு நாட்களில், சுட்டவரை மன்னித்துவிட்டதாக அறிவித்தார். 1983 டிசம்பர் 27 அன்று ரோமின் ரெபிபியா சிறைக்குப் போய் அவரோடு உட்கார்ந்து பேசினார். ஆனால் அந்த மனிதர் அன்றே வெளியே வந்துவிடவில்லை. இத்தாலி அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கியது 2000-ஆம் ஆண்டில்தான். மன்னித்தவரின் வேலை ஒன்று, சட்டத்தின் வேலை இன்னொன்று. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன.

பழி யாருடைய வேலை?

“பழிவாங்குதல் எனக்குரியது, நானே பதிற்செய்வேன்” என்று கர்த்தர் சொல்வதாகப் பவுல் ரோமர் 12-ல் எடுத்துக்காட்டுகிறார். இந்த வசனத்தைக் கேட்டதும் சிலருக்கு உறுத்தும். நாம் பழிவாங்காமல் தேவனை வைத்துப் பழிவாங்குகிறோமா என்று கேட்பார்கள். எனக்கு இந்த வசனம் ஆறுதலாகவே படுகிறது. பாதிக்கப்பட்டவரின் மிகப் பெரிய பயம் தனக்கு நடந்தது யார் கணக்கிலும் வராமல் போய்விடுமோ என்பதுதான். பழிவெறிக்கு வேரே அந்தப் பயம். நடந்தது ஒரு நீதியுள்ள நியாயாதிபதிக்குத் தெரியும், அவர் அதை மறக்கமாட்டார் என்று நம்பினால், நான் நியாயாதிபதி நாற்காலியை விட்டு எழுந்துகொள்ள முடியும். என்னால் எதிராளியின் இருதயத்தைப் பார்க்க முடியாது. அவருடைய தண்டனையில் எது போதும், எது அதிகம் என்று எனக்குத் தெரியாது. லாமேக்குக்கும் தெரியவில்லை.

இந்த வரிகளை எழுதிய பவுல் யார் என்று யோசித்தால் இன்னும் ஒரு விஷயம் புலப்படும். எருசலேமில் இயேசுவை நம்பிய ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றபோது, கல்லெறிந்தவர்கள் தங்கள் வஸ்திரங்களை ஒரு வாலிபனின் காலடியில் கழற்றி வைத்தார்கள். அந்த வாலிபன் சவுல். ஸ்தேவான் முழங்காலில் விழுந்து, “ஆண்டவரே, இவர்கள்மேல் இந்தப் பாவத்தைச் சுமத்தாதிரும்” என்று உரக்கச் சொல்லி இறந்துபோனார். அந்தக் கொலைக்குச் சம்மதித்து நின்றவனுக்கும் சேர்த்துத்தான் அந்த ஜெபம். பிற்பாடு பவுல் என்று அறியப்பட்டவர் அவனே. சபைக்கு நடுவில் வந்து நின்ற பவுலை, ஸ்தேவானை இழந்தவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்று அப்போஸ்தலர் நடபடிகளே காட்டுகிறது: எருசலேமில் எல்லோரும் அவருக்குப் பயந்தார்கள், பர்னபா என்ற ஒருவர்தான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அந்தச் சபை பழி தீர்த்திருந்தால் புதிய ஏற்பாட்டில் பவுலின் பெயரில் உள்ள 13 நிருபங்கள் (கடிதங்கள்) நமக்குக் கிடைத்திருக்காது.

இரக்கம் இன்னும் ஓர் அடி முன்னே போகும்

பழியை விடுவது மன்னிப்பு. அதற்கு மேலே போய் எதிராளிக்கு நன்மை செய்வது இரக்கம். “உன் சத்துரு பசியாயிருந்தால், அவனுக்குப் போஜனங்கொடு” என்று அதே ரோமர் 12 சொல்கிறது.

பழைய ஏற்பாட்டில் அதிகம் பேசப்படாத ஒரு கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 2 இராஜாக்கள் 6-ல் வருகிறது. சீரியரின் ராஜா எலிசா தீர்க்கதரிசியைப் பிடிக்க ஒரு படையை அனுப்புகிறான். அந்தப் படை கண்மயக்கத்தில் எலிசாவின் பின்னாலேயே போய், எதிரியின் தலைநகரான சமாரியாவின் நடுவில் மாட்டிக்கொள்கிறது. இஸ்ரவேலின் ராஜாவுக்கு ஆர்வம் தாங்கவில்லை: நான் இவர்களை வெட்டிப்போடலாமா, வெட்டிப்போடலாமா என்று இரண்டு தரம் கேட்கிறான். எலிசா வேண்டாம் என்கிறார். இவர்களுக்கு அப்பமும் தண்ணீரும் வை, சாப்பிட்டுவிட்டுத் தங்கள் எஜமானிடம் போகட்டும் என்கிறார். ராஜா பெரிய விருந்தே வைத்து அனுப்புகிறான். அதற்குப் பிறகு சீரியரின் கொள்ளைக் கூட்டங்கள் இஸ்ரவேலுக்குள் வரவில்லை.

இங்கேயே நிறுத்தினால் இரக்கம் காட்டினால் எதிரி கண்டிப்பாகத் திருந்துவான் என்று ஆகிவிடும். அடுத்த வசனத்திலேயே, பிற்பாடு ஒரு நாள் சீரியாவின் ராஜா முழுப் படையோடு வந்து சமாரியாவை முற்றுகையிட்டான் என்று எழுதியிருக்கிறது. வேதாகமத்தின் இந்த நேர்மையை மதிக்கிறேன். இரக்கத்துக்குப் பலன் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இரக்கம் தேவனுடைய குணம், அவருடைய பிள்ளைகளுக்கும் அது இருக்க வேண்டும், அவ்வளவுதான் காரணம். அவர் தீயோர்மேலும் நல்லோர்மேலும் சூரியனை உதிக்கச் செய்கிறார் என்று இயேசு சொன்னதும் இதைத்தான்.

நம் காலத்தில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அருட்சகோதரி ராணி மரியா கேரளத்தில் பிறந்து, மத்தியப் பிரதேசத்தில் ஏழை விவசாயிகள் நடுவில் வேலை செய்தவர். ஏழைகள் தங்கள் உரிமையைக் கேட்க அவர் உதவியது சிலருக்குப் பிடிக்கவில்லை. 1995 பிப்ரவரி 25 அன்று, இந்தூர் போகும் வழியில், பேருந்தில் மற்றப் பயணிகள் பார்க்கக் குத்திக் கொல்லப்பட்டார். குத்தியவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ராணி மரியாவின் சொந்தத் தங்கை செல்மி பால், அவரும் ஒரு கன்னியாஸ்திரி, 2002-ல் சிறைக்குப் போய் அந்த மனிதரின் கையில் ராக்கி கட்டினார். சகோதரனாக ஏற்றுக்கொண்டேன் என்பதுதான் அதன் அர்த்தம். கொலை செய்தவர் மனம் மாறினார். அவரை விடுதலை செய்யும்படி அந்தக் குடும்பமே மனுச் செய்தது. 2006-ல் வெளியே வந்தார். கேரளத்தில் அவர்கள் வீட்டுக்குப் போய்த் தாயையும் சந்தித்தார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியாவுக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் அளிக்கப்பட்டது.

அந்தத் தங்கை சிறைக்குப் போனபோது கொலை நடந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. நடந்ததைக் கேட்டு வியக்கிறவர்கள் இந்த இடைவெளியையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது

சரி, இப்போதே கொதித்துக்கொண்டிருக்கும் ஒருவர் என்ன செய்வது? முதலில், அந்தக் கொதிப்பை மறைக்க வேண்டியதில்லை. சங்கீதப் புத்தகத்தில் 109, 137 போன்ற சங்கீதங்கள் எதிரியைப் பற்றி மிகக் கடுமையாகப் பேசுகின்றன. படிக்கவே கூச்சமாக இருக்கும் வரிகள் அவற்றில் உண்டு. அவை அங்கே இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆத்திரத்தை எதிரியின்மேல் கொட்டுவதற்குப் பதிலாகத் தேவனிடம் கொட்டலாம், அதற்கு அவர் அதிர்ந்துபோகமாட்டார். “நீங்கள் கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள்” என்று எபேசியர் நிருபம் சொல்கிறது. கோபம் வரும் என்று அதற்குத் தெரியும்; அதை நாட்கணக்கில் ஊறவைத்துக் கசப்பாக்குவதைத்தான் அது தடுக்கிறது.

அப்புறம், நடந்ததை உள்ளபடி சொல்லிப் பாருங்கள். நம்பகமான ஒருவரிடமோ தாளிலோ: இவர் எனக்கு இதைச் செய்தார், அதனால் நான் இதை இழந்தேன். கடன் எவ்வளவு என்று தெரியாமல் அதைத் தள்ளுபடி செய்ய முடியாது.

அதன் பிறகு வருவது தீர்மானம். உணர்ச்சி தானாக மாறும்வரை காத்திருந்தால் காலம்தான் போகும். ‘இதை நான் வசூலிக்கப்போவதில்லை’ என்று தேவனுக்கு முன்பாகச் சொல்வது, மனம் இன்னும் எரிந்துகொண்டிருக்கும்போதே சொல்லக்கூடிய ஒன்று. நடைமுறையில் அது சின்னச் சின்ன விஷயங்களாக இருக்கும்: அவரைப் பற்றிப் புதிதாக ஒருவரிடம் புறங்கூறாமல் இருப்பது, அவருக்கு ஒரு கெடுதல் வந்தால் சந்தோஷப்படாமல் இருப்பது, இன்னும் முடிந்தால், பெயர் சொல்லி அவருக்காக ஜெபிப்பது.

மறுநாள் காலையில் அந்த நினைவு திரும்ப வந்து நிற்கும். பலர் இந்த இடத்தில்தான் ‘அப்படியானால் நான் மன்னிக்கவே இல்லை போலிருக்கிறது’ என்று சோர்ந்துபோகிறார்கள். பேதுருவுக்குச் சொன்ன ஏழெழுபதை இங்கேயும் பொருத்திப் பார்க்கலாம். எழுபது புதிய குற்றங்களை மன்னிப்பதைவிட, ஒரே பழைய குற்றத்தை எழுபது காலைகளில் மன்னிப்பதுதான் பெரும்பாலானவர்களுக்கு வாய்க்கிறது. நினைவு வருவது பாவமில்லை. வரும்போதெல்லாம் அதே தீர்மானத்தைத் திரும்பச் சொல்ல வேண்டும்.

அதுவும் முடியாத நிலையில் இருப்பவர்கள் உண்டு. பிள்ளையை இழந்தவரிடம், உடல் சிதைக்கப்பட்டவரிடம் போய் இன்றைக்கே மன்னித்துவிடு என்று சொல்ல யாருக்கும் தகுதியில்லை. அவர்களுக்குச் சிலுவையில் இயேசு சொன்ன ஜெபத்தை நினைவுபடுத்துவேன். ஆணி அடித்தவர்களைப் பார்த்து அவர் “உங்களை மன்னிக்கிறேன்” என்று சொல்லவில்லை. “பிதாவே, இவர்களுக்கு மன்னியும்” என்று கேட்டார். தன்னால் இன்னும் சொல்ல முடியாததைச் செய்யும்படி தேவனிடம் கேட்பதும் ஜெபம்தான். அதைக்கூடச் சொல்ல வரவில்லை என்றால், அதற்கான மனதைத் தரும்படி கேட்கலாம். கேட்க எவ்வளவு காலமானாலும் சரி. பக்கத்தில் இருப்பவர்கள் அவசரப்படுத்தாமல், அவர்களுக்காக அதே ஜெபத்தைச் சொல்லிக்கொண்டு கூட இருக்க வேண்டும்.